காதுக்குக் கீழே ஓர் எலி

இந்த உலகத்தில் கோபமே வராத மனிதர்கள் இதுவரை மூன்று பேர்தான் பிறந்திருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் காட்டுக்குப் போய், தாடி வளர்த்து, காலமாகிவிட்டார்கள். மூன்றாமவர் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில், சைக்கிள் கடைக்கும் சலூனுக்கும் நடுவே, பல்செட்டு செய்துகொண்டிருக்கிறார்.

இது ஊர்ப்பேச்சு அல்ல. சம்பந்தப்பட்டவரே சொன்னது. மெழுகில் நட்ட பல்லை வாயில் வைத்துப் பார்க்க வந்து, அசையவும் முடியாமல் பேசவும் முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களிடமெல்லாம் சொன்னது. இருபத்தெட்டு வருடமாக ஒருவரும் மறுத்துப் பேசாததால் அது நிரூபணமாகிவிட்டது.

"என் சம்சாரத்தக் கேட்டுப் பாருங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நான் குரல உசத்தியிருக்கேனா?"

சம்சாரத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் "இல்லை" என்றுதான் சொல்லியிருப்பாள். பல்செட்டுக்காரர் குரலை உயர்த்தியதே கிடையாது. அவர் குரலை நிறுத்திவிடுவார்.

அந்த வீட்டில் நிறுத்தம் மூன்று வகைப்படும். செருப்பு இடம் மாறியிருந்தால், டீ ஆறிப்போயிருந்தால், வருவது ஒரு வேளை நிறுத்தம். தன்னைக் கேட்காமல் யாராவது ஒரு முடிவு எடுத்துவிட்டால் மூன்று நாள். தன்னைக் கேட்காமல் எடுத்த முடிவு சரியாகவும் போய்விட்டால், அது எத்தனை நாள் என்று எவராலும் சொல்ல முடியாது.

நிறுத்த நாட்களில் அவரைப்போல் நல்ல மனிதர் கிடையாது. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவார். கழுவிய தட்டைச் சத்தமே வராமல் வைப்பார். அந்தச் சத்தமில்லாமை மாடிப்படி வரைக்கும் கேட்கும். முகம் சாந்தமாக இருக்கும். காதுக்குக் கீழே மட்டும், தாடை திரும்புகிற இடத்தில், தோலுக்கடியில் என்னவோ ஒன்று உருண்டு உருண்டு ஓடும். மகள் ஐந்து வயதில் அதைக் கண்டுபிடித்தாள்.

"அம்மா, அப்பா கன்னத்துல எலி ஓடுது."

அன்றிலிருந்து அதற்கு எலி என்றே பெயர். அம்மா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா. சாயங்காலம் வாசலில் குடையை மடக்கும்போதே மகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவாள்.

"எலி?"

"ஓடுது."

"எப்பலேருந்து?"

"பதினொரு மணிலேருந்து."

வெளியூர்க்காரர்கள் மழை நிலவரம் விசாரிப்பதுபோல் இருக்கும்.

கடை என்பது வீட்டின் முன்னறைதான். ஒரு சன்னல், ஒரு நீள மேசை, இரண்டு முக்காலி, தேய்க்கிற மோட்டார், ஸ்பிரிட் விளக்கு, வெந்நீர்ப் பானை. எல்லாவற்றின் மேலும் பிளாஸ்டர் தூசி படிந்து, அந்த அறையில் அரை மணி நேரம் இருப்பவருக்கு ஐந்து வயது கூடிவிடும். பல் டாக்டரம்மாவின் கிளினிக்கிலிருந்து வாயின் அளவு பசையில் பதிந்து வரும். அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினால், மனிதரை அங்கேயே விட்டுவிட்டு அவர் வாய் மட்டும் கல்லாகக் கையில் வந்துவிடும். அதற்கு மாடல் என்று பெயர். மாடலின்மேல் மெழுகால் ஈறு கட்டி, பற்களை ஒவ்வொன்றாக நட வேண்டும். நட்டதைப் பித்தளை டப்பாவுக்குள் பிளாஸ்டரில் புதைத்து, வெந்நீரில் மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் ஈறாகப்போகிற ரோஸ் நிற மாவை அடைத்து, இறுக்கி வேகவைக்க வேண்டும். வெந்த டப்பாவை உடனே திறக்கக் கூடாது. சூடு தானாக இறங்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே இருக்கிற ஈறுத்தட்டு கோணிப்போகும். கோணிய தட்டு எந்த வாயிலும் உட்காராது.

ஆறு வருடத்துக்கு முன் மகள் தொழிலுக்கு வந்த அன்று அவர் சொன்ன முதல் வார்த்தையே அதுதான்.

"சூட்டோட எதையும் திறக்காத பாப்பா."

அது டப்பாவைப் பற்றியது மட்டும்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

பாப்பாவுக்கு இப்போது இருபத்தாறு வயது. பல் நடுவதில் அப்பாவைத் தாண்டிவிட்டாள். இது டாக்டரம்மாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், பக்கத்து நகரத்தில் நாற்பது பேர் வேலை செய்கிற பெரிய பல் லேபுக்கும் தெரிந்து, வேலைக்கு வரச்சொல்லி ஒரு கடிதம் போட்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். கடிதம் அவள் மேசை டிராயரில் மெழுகுக் கத்திகளுக்கு அடியில் கிடந்தது.

அப்பாவிடம் வேறொரு வித்தை இருந்தது. பிளாஸ்டர் மாடலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். "இவரு பேனா கடிக்கிறவரு. இந்தம்மா பல்லுல நூல அறுக்கிறவங்க, தையல் வேலை." பெரும்பாலும் சரியாக இருக்கும். சலூனில் முறைக்காகக் காத்திருப்பவர்கள்கூட வந்து நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். சுவரில் அவர் கையாலேயே எழுதிய வாசகம் ஒன்று தொங்கும்: 'பெயர் எழுதாத மாடல் அநாதை.' மாடலின் அடியில் பென்சிலால் பெயர் எழுதாமல் எதுவும் அந்த மேசையைத் தாண்டக் கூடாது.

ஒரே ஒரு விலக்கு உண்டு. இரண்டு மாதம் முன்பு புதுவகை அளவுப் பசை வந்தபோது, சோதித்துப் பார்க்க மகள் ஒரு வாய் தேடினாள்.

"என் வாய எடுத்துக்க. இந்த மாதிரி வாய் உனக்குப் புஸ்தகத்துலகூடக் கெடைக்காது."

அளவை அவள் எடுத்தாள். பிளாஸ்டரை அவரே ஊற்றினார்.

"பேர் எழுதுங்கப்பா."

"என் பல்லு எனக்குத் தெரியாதா?"

அந்த மாடல் அலமாரியின் மேல்தட்டில் ஏறி, பத்துப் பதினைந்து மாடல்களோடு தூசியில் கலந்தது.

அடுத்த மாதம் மகளுக்குத் தாடை வலி வந்தது. கொட்டாவி விட்டால் காதுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "பல்லுல ஒண்ணும் இல்ல. நீ கடிச்சிக்கிட்டே இருக்க, உனக்கே தெரியாம. உதடு மூடியிருக்கணும், பல்லு விலகியிருக்கணும்" என்றார். கண்ணில் படுகிற இடத்திலெல்லாம் ஒரு புள்ளி ஒட்டச் சொன்னார். புள்ளியைப் பார்க்கும்போதெல்லாம் தாடையைத் தளர்த்தி, 'இப்ப எனக்குள்ள என்ன ஓடுது' என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

கடையில் அவசர வேலைக்கு ஒட்டுகிற சிவப்புப் புள்ளி ஸ்டிக்கர் ஒரு சுருள் இருந்தது. அடுத்த நாள் கண்ணாடியில் ஒன்று, கடிகாரத்தில் ஒன்று, மோட்டாரில் ஒன்று, தண்ணீர்க் குடத்தில் ஒன்று, சன்னல் கம்பியில் ஒன்று.

பல்செட்டுக்காரர் அறையின் நடுவில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தார்.

"வீட்டுக்கு அம்மை போட்டிருக்கா?"

"டாக்டரம்மா சொன்னாங்கப்பா. பாக்கறப்பல்லாம் எனக்குள்ள என்ன ஓடுதுன்னு கேட்டுக்கணுமாம்."

"எனக்குள்ள என்ன ஓடுதுன்னு எனக்குச் சொல்ல ஒரு ஸ்டிக்கரா? நல்லாருக்கு. நாளைக்குப் பசிக்குதான்னு பாக்க ஒரு ஸ்டிக்கர், தூக்கம் வருதான்னு பாக்க ஒரு ஸ்டிக்கர். பாப்பா, கோபம் வர்றவனுக்குத்தான் இதெல்லாம். என்னப் பாரு. நானே ஒரு ஸ்டிக்கர். என்னப் பாத்தாலே நாலு பேருக்குச் சாந்தம் வரும்."

தன் பக்கத்து மோட்டாரில் இருந்த புள்ளியை மட்டும் நகத்தால் சுரண்டி எடுத்து உருட்டிப் போட்டார். அம்மா அன்று சாயங்காலம் சமையலறைச் சுவரில் தனக்காக ஒன்று ஒட்டிக்கொண்டாள்.

*

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில்தான் கண்டக்டர் வந்தார். முப்பத்து நான்கு வருடம் விசில் ஊதி ஓய்வுபெற்றவர். ஆறு வருடமாக மேல்வரிசை கிடையாது. சனிக்கிழமை ஓய்வுபெற்றோர் சங்கக் கூட்டத்தில் அவர் பேசியாக வேண்டும். அவர் மாடலில் சிவப்புப் புள்ளி ஒட்டப்பட்டிருந்தது, அசல் அவசரத்துக்காக.

செவ்வாய்க்கிழமை, பல்செட்டுக்காரர் பிளாஸ்டர் மூட்டை எடுக்கப் போயிருந்த நேரம், கண்டக்டர் சட்டைப்பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மகளிடம் காட்டினார். பஸ் படியில் தொங்கியபடி சிரிக்கிற ஓர் இளைஞன். மேல்வரிசையில் இடப்பக்கப் பல் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் லேசாக ஏறி, தோளில் கை போட்டதுபோல் நின்றது.

"இதாம்மா நானு. எல்லாரும் நேரா வச்சுத் தர்றேங்குறாங்க. நேரா வச்சா அது வேற யாரோ."

அவள் அந்தப் பல்லை மெழுகில் இளக்கி, முடியளவு திருப்பி, பக்கத்துப் பல்லின்மேல் ஏற்றினாள். கண்டக்டர் வாயில் வைத்துக் கண்ணாடியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வந்துட்டான்யா" என்றார். கண் கலங்கிவிட்டது.

மூட்டையைத் தோளில் சுமந்தபடி பல்செட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். முப்பது வருடமாக அவர் நட்ட பற்கள் எல்லாம் பிரேயருக்கு நிற்கிற பிள்ளைகளைப்போல் வரிசையாக நின்றவை. அந்த வரிசையைப் பார்த்து ஒருவரும் இதுவரை கண் கலங்கியதில்லை. மூட்டையை இறக்கினார். எலி ஓடியது.

புதன்கிழமை காலை அவள் கீழே வந்தபோது, எல்லாம் முடிந்திருந்தது. விடியும் முன்பே அவர் எழுந்து, அந்தப் பல்லை நேராக்கி, புதைத்து, அடைத்து, வேகவைத்து, ஆறுவதற்கு முன்பே திறந்தும்விட்டார். டப்பாவைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. மேசைமேல் கண்டக்டரின் செட்டு பளபளவென்று, ஒழுங்காக, யாருடையதோ மாதிரி இருந்தது.

"அப்பா, ஏன் மாத்துனீங்க?"

தேய்க்கிற மோட்டார் சுற்றியது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சரியில்லன்னு திட்டியிருக்கலாம். நான் கேட்டுக்குவேன். என்னன்னு சொல்லுங்கப்பா."

மோட்டார் நின்றது. மிக அமைதியான குரலில் அவர் சொன்னார்:

"நான் ஏதாவது சொன்னேனா?"

மகள் டிராயரைத் திறந்து, கத்திகளுக்கு அடியிலிருந்து கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"திங்கக்கிழமை போன் பண்ணி வர்றேன்னு சொல்லப்போறேன்."

அவர் கடிதத்தைப் படித்தார். நான்காக மடித்து அவள் பக்கம் நகர்த்தினார். மறுபடி மோட்டாரைப் போட்டார். எலி அன்று முழுக்க ஓய்வே எடுக்கவில்லை.

*

வியாழக்கிழமை மழை அடித்துப் பெய்தது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டுவிட்டதால் அம்மா வீட்டில் இருந்தாள். அலமாரிக்கு மேலே கூரை ஒழுக ஆரம்பிக்கவே, மேல்தட்டு மாடல்களையெல்லாம் ஒரு தட்டில் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, ஒழுகுகிற இடத்துக்குக் கீழே ஒரு பேசினை வைத்தாள். டொக், டொக் என்று விழுந்தது.

குடையும் ஆளுமாக நனைந்து கண்டக்டர் வந்தார். செட்டை வாயில் வைத்தார். இடப்பக்கம் அழுத்தினால் வலப்பக்கம் எழுந்தது. வலப்பக்கம் அழுத்தினால் இடப்பக்கம்.

"ஆடுது மாஸ்டர்."

பிறகு கண்ணாடியைப் பார்த்தார். அங்கே நின்றது அவர் இல்லை. வாயிலிருந்து எடுத்துக் கைக்குட்டையில் துடைத்து மகளிடம் கொடுத்தார். அவள் செட்டை மாடலின்மேல் வைத்து விரலால் தட்டினாள். கோணியிருந்தது. அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. அப்பாவும் பார்க்கவில்லை. அம்மா பேசினையே பார்த்தாள்.

முப்பத்து நான்கு வருடம் கூட்ட நெரிசலில் நின்றவருக்கு ஒரு அறையில் காற்று நின்றுவிட்டால் உடனே தெரியும். பேச்சை எங்காவது திருப்பியாக வேண்டும். தட்டிலிருந்து ஒரு மாடலை எடுத்தார்.

"மாஸ்டர், பல்லப் பாத்தே ஆளச் சொல்லுவீங்களாமே? சலூன்ல பேசிக்கிறாங்க. இது யாரு, சொல்லுங்க பாப்பம்."

பல்செட்டுக்காரர் மூன்றாம் நாள் நிறுத்தத்தில் இருந்தார். ஆனால் வித்தைக்காரனுக்கு முன்னால் சீட்டுக்கட்டை நீட்டியாகிவிட்டது. வாங்கினார். சன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். கண் சுருங்கியது. குரல் தானாக வந்தது.

"பாத்தீங்களா? கடைவாய்ப்பல்லு நாலும் தேஞ்சு தட்டையாக் கெடக்கு, கல்லுல போட்டு அரைச்ச மாதிரி. கோரைப்பல்லப் பாருங்க, இடது பக்கம் கூரே இல்ல. இந்த ஆளு கடிக்கிறவன்."

"நெலக்கடலையா?"

"கடலை கடிச்சா இப்படித் தேயாது. இது பல்லப் பல்லால கடிக்கிறது. கோபம்."

"ஓஹோ. கத்துற ஆளு."

"இல்ல இல்ல" என்றார் பல்செட்டுக்காரர், மாணவனின் தவற்றைத் திருத்துகிற உற்சாகத்தோடு. "அங்கதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க. கத்துறவன் வாயத் தொறந்துடுறான். பல்லு பல்லோட படாது. இவன் வாயத் தொறக்கவே மாட்டான். சிரிச்ச மொகமா இருப்பான். கேட்டா எனக்குக் கோபமே வராதும்பான். எல்லாத்தையும் உள்ள வச்சு அரைப்பான். இருபது, இருபத்தஞ்சு வருஷத்துத் தேய்மானம் இது."

"அடடா."

"இவன் வீட்ல இருக்கிறவங்கதான் பாவம். கத்துனாலாவது எதுக்குக் கத்துறான்னு தெரியும். இவன்கூட இருக்கிறவங்களுக்கு எதுக்குன்னே தெரியாது. தெனம் இவன் மூஞ்சியப் பாத்துப் பாத்து, நாம என்ன பண்ணோம், நாம என்ன பண்ணோம்னு..." மாடலைத் தலைகீழாகத் திருப்பினார். "யாரு இது? பேரே எழுதல. எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

டொக், டொக்.

கண்டக்டர் சிரிக்க வாயைத் திறந்து, மற்ற இருவர் முகத்தையும் பார்த்து மூடிக்கொண்டார்.

"எழுதச் சொன்னேன்லப்பா" என்றாள் மகள். அந்தக் குரலில் குத்தல் இல்லை. கொஞ்சம் பயம்தான் இருந்தது.

பல்செட்டுக்காரர் அவளைப் பார்த்தார். கையில் இருந்ததைப் பார்த்தார். அவருடைய நாக்கு, அவரைக் கேட்காமலே, வாய்க்குள் மெதுவாக நகர்ந்து போய் இடது கோரைப்பல்லைத் தொட்டது. அங்கே கூர் இல்லை.

"நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கிறேன்" என்று முணுமுணுத்துவிட்டு, கண்டக்டர் குடையை எடுத்துக்கொண்டு கொட்டுகிற மழையில் இறங்கிப் போனார்.

*

மதியம் வரை அவர் முக்காலியை விட்டு எழவில்லை. அம்மா சமையலறை வாசலிலிருந்து மகளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். மகள் அப்பாவின் காதுக்குக் கீழே உற்றுப் பார்த்தாள்.

"தெரியலம்மா" என்றாள்.

அந்த வீட்டில் அப்படி ஒரு பதில் வந்தது அதுவே முதல் தடவை.

சாப்பிட உட்கார்ந்தபோது அவர் மனைவியிடம் கேட்டார்: "நான் பேசாம இருக்கறப்ப நீ என்ன பண்ணுவ?"

அவள் கரண்டியை வைத்தாள். இருபத்தெட்டு வருடமாக இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தவள் இல்லை. அதனால் பதிலைத் தயாரித்து வைத்திருக்கவும் இல்லை.

"கணக்குப் போடுவேங்க. காலைல எந்திரிச்சதுலேருந்து என்னென்ன பேசினேன், எத எங்க வச்சேன்னு. ஆபீஸ்ல உக்காந்துகூடப் போடுவேன். ஒரு தடவ பதினொரு நாளு. பாப்பா நாலாவது படிக்கறப்ப. ஞாபகம் இருக்கா?"

"ம்."

"எதுக்குங்க அது?"

அவர் சோற்றில் கையை வைத்தபடி யோசித்தார். நன்றாக யோசித்தார்.

"ஞாபகம் இல்ல."

"எனக்கு அன்னிக்கே தெரியாது" என்றாள். "ரெண்டு பேருக்கும் தெரியாத ஒரு விஷயத்துக்குப் பதினொரு நாளு."

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரிப்பு முடிகிற இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தார். கை தவறியதோ என்னவோ, இந்தத் தடவை தட்டு 'டங்' என்றது.

*

வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்தது. மகள் கீழே வந்தபோது கண்டக்டரின் மாடலில் புது மெழுகு கட்டித் தயாராக இருந்தது. பக்கத்தில் பற்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றுகூட நடப்படவில்லை.

"நீ நடு" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். அவர் விளக்கை அவள் பக்கம் நகர்த்தினார். போட்டோ அவளிடம்தான் இருந்தது. எடுத்துச் சாய்த்து வைத்தாள். ஒவ்வொன்றாக நட்டு, அந்த ஒற்றைப் பல்லை முடியளவு திருப்பி ஏற்றினாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். இருவரும் சேர்ந்து புதைத்தார்கள், மெழுகை உருக்கினார்கள், மாவை அடைத்தார்கள். டப்பாவை அவர் பிடித்துக்கொள்ள, திருகாணியை அவள் இறுக்கினாள். மூன்று மணிக்கு டப்பா வெந்நீரிலிருந்து வெளியே வந்து மேசைமேல் உட்கார்ந்தது.

இனி ஆறுவதற்குக் காத்திருக்க வேண்டியதுதான். வழக்கமாக அந்த நேரத்தில் அவர் சலூனுக்குப் போய்விடுவார். அன்று போகவில்லை. டப்பாவுக்கு இந்தப் பக்கம் அவரும் அந்தப் பக்கம் அவளும்.

"செவ்வாக்கெழம" என்று ஆரம்பித்தார். தொண்டையைச் செருமினார். முப்பது வருடம் திறக்காத கதவு, கீல் கொஞ்சம் முரண்டுபிடித்தது. "செவ்வாக்கெழம நான் கோபமா இருந்தேன்."

மகள் டப்பாவையே பார்த்தாள். குறுக்கே பேசினால் கதவு சாத்திக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"பல்லு கோணலா இருக்குன்னு கோபம்னு நெனச்சேன். நேத்து முழுக்க உக்காந்து பாத்தேன். அது இல்ல."

"அப்புறம்?"

"அது நல்லா இருந்துச்சு. அதான்."

டப்பாவிலிருந்து ஆவி மெலிதாக எழுந்தது.

"அந்த ஆளு கண்ணாடியப் பாத்து அழுதாரு பாரு. என்கிட்ட யாரும் அப்படி அழுததில்ல. முப்பது வருஷமா நன்றி சொல்லிட்டுப் போறாங்க, அவ்வளவுதான். இனிமே இங்க நான் எதுக்குன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. அது கோபம்கூட இல்ல பாப்பா. பயம். ஆனா பயம்னு எனக்கு அப்பத் தெரியல. பல்லுக்குத்தான் தெரிஞ்சிருக்கு."

மகள் சன்னல் கம்பியிலிருந்த சிவப்புப் புள்ளியைப் பார்த்தாள். தாடையைத் தளர்த்தினாள். 'டக்' என்றது.

"வலிக்குதா இன்னும்?"

"கொஞ்சம்."

"உனக்கு எதனால வந்துச்சு? நீ அப்படி ஒண்ணும் கோபக்காரி இல்லியே."

"நான் கோபக்காரி இல்லப்பா. நீங்க பேசாம இருந்தா நான் உங்க எலியப் பாத்துக்கிட்டே இருப்பேன். எப்ப நிக்கும், எப்ப நிக்கும்னு. சின்ன வயசுலேருந்து. அது ஓடறப்ப நானும் கடிச்சிக்கிட்டு இருந்திருக்கேன்."

"எலியா? எந்த எலி?"

மகள் திடுக்கிட்டு அவரைப் பார்த்தாள். இருபத்தோரு வருடமாக அந்த எலியைப் பற்றி வீட்டில் எல்லாருக்கும் தெரியும், வளர்க்கிறவரைத் தவிர. எழுந்து வந்து, அவர் காதுக்குக் கீழே விரலை வைத்து, "கடிங்க" என்றாள். கடித்தார். "விடுங்க." விட்டார். பிறகு அவர் கையை எடுத்து அதே இடத்தில் வைத்தாள். அவர் தானாகவே கடித்துப் பார்த்தார். விட்டுப் பார்த்தார்.

"அட, ஆமா" என்றார். "இது ஓடுது."

சமையலறையிலிருந்து அம்மாவின் சிரிப்பு வந்தது. எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ.

ஐந்தரை மணிக்கு அவர் டப்பாவைத் தொட்டுப் பார்த்தார். திறக்கலாம் போலிருந்தது. கையை எடுத்துக்கொண்டார். இன்னும் அரை மணி நேரம் உட்கார்ந்தார்கள்.

சனிக்கிழமை காலை கண்டக்டர் வந்து வாயில் வைத்தார். ஆடவில்லை. கண்ணாடியைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், பிறகு வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து முழுத்தொண்டையில், "ரைட், போலாம்!" என்று கத்தினார். சைக்கிள் கடைக்காரர் தவறிப்போய் ஒரு சைக்கிளைத் தள்ளிவிட்டார்.

"மாஸ்டர், கை வச்சது யாரு?"

"பாப்பாதான்" என்றார் பல்செட்டுக்காரர். "நான் ஆற வச்சேன்."

*

திங்கட்கிழமை பத்து மணிக்கு மகள் கடிதத்தையும் போனையும் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனாள். உள்ளே மோட்டார் சத்தத்தில் பேச முடியாது. சன்னல் வழியாக அவள் முதுகு மட்டும் தெரிந்தது. தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று தெரியவில்லை.

பல்செட்டுக்காரர் மெழுகுக் கத்தியைக் கையில் எடுத்தார். புதிதாக வந்த ஒரு மாடல் எதிரில் இருந்தது. பத்து நிமிடமாக அதில் ஒரு கோடுகூடக் கீறவில்லை. காதுக்குக் கீழே என்னவோ அசைந்தது. விரலை வைத்துப் பார்த்தார். ஆமாம், கிளம்பிவிட்டது. அனிச்சையாக மோட்டாரைப் பார்த்தார். அங்கே புள்ளி இருந்த இடத்தில், அவர் சுரண்டியெடுத்த பசைத்தடம் மட்டும் இருந்தது.

சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். வாசல் பக்கம் ஒரு பார்வை. டிராயரை மெதுவாக இழுத்து, சிவப்புச் சுருளிலிருந்து ஒரு புள்ளியைக் கிழித்து, மெழுகுக் கத்தியின் பிடியில், கட்டைவிரல் வந்து உட்காருகிற இடத்தில் ஒட்டினார். விரலை எடுத்துப் பார்த்தார். இப்ப எனக்குள்ள என்ன ஓடுது? பயம்தான். பெயர் தெரிந்ததும் அது கொஞ்சம் சின்னதாக இருந்தது.

மகள் உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒரு மாசம் டைம் கேட்டிருக்கேன். சரின்னுட்டாங்க."

போன வாரமாக இருந்தால் மோட்டார் சுற்றியிருக்கும். அவர் கட்டைவிரலைக் கொஞ்சம் நகர்த்தினார்.

"எதுக்கு ஒரு மாசம்?"

"எலி திரும்ப வருதான்னு பாக்கணும்ல."

"வரும்" என்றார். மாடலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே, "வந்தா சொல்றேன்" என்றார்.

அவள் தலையசைத்துத் தன் விளக்கைப் பற்றவைத்தாள். கத்திப்பிடியில் சிவப்பாக என்னவோ தெரிவதைப் பார்த்தாள். கேட்கவில்லை. அவர் சட்டென்று கட்டைவிரலால் அதை மூடிக்கொண்டு மாடலின்மேல் குனிந்தார். உதடு மூடியிருந்தது. பற்கள் ஒன்றையொன்று தொடவில்லை.